சங்கம் சேராமை நிபந்தனையும் தொழிலாளர் உரிமையும்: கொடைக்கானல் பாதரச ஆலையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

தொழிற்சங்கத்தில் சேரக்கூடாது என வேலை ஒப்பந்தம் ஒருவரைக் கட்டுப்படுத்தலாமா என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. பணியின் இடர்களை அறியுமுன் பெறப்படும் இசைவு அவ்வுரிமையைப் பறிக்கப் போதுமானதன்று என்பதைச் சட்டங்கள், கொடைக்கானல் தொழிலாளர் பட்டறிவு ஆகியவற்றின்வழி விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தொழிற்சங்கம், வேலை ஒப்பந்தம், கொடைக்கானல், பாதரசம்

முன்னுரை

சங்கத்தில் சேரமாட்டேன் என உறுதியளித்து வேலை பெறுவது ஒருவரின் ஒப்பந்த உரிமை என வாதிடுவோர் உளர். 1915இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் இவ்வாதத்தை ஏற்று, இந்நிபந்தனையைத் தடைசெய்த கான்சாஸ் மாநிலச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. 1932ஆம் ஆண்டின் நோரிஸ்–லகார்டியா சட்டம், கூட்டரசு நீதிமன்றங்கள் வழியாக இந்நிபந்தனையை நிறைவேற்ற இயலாதவாறு செய்தது.

இந்தியச் சட்டநிலை

சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று தோன்றியது. பின்னர் பக்கிங்காம் ஆலைத் தகராற்றில், தொழிலாளரை ஒப்பந்தம் மீறத் தூண்டினார் என்ற வழக்கில் அதன் தலைவர் பி.பி. வாடியாவுக்கு எதிராகச் சென்னை உயர்நீதிமன்றம் தடையாணை பிறப்பித்தது. ஒப்பந்தச் சட்டமே சங்கத்தை முடக்கும் கருவியாயிற்று. தொழில் தகராறு தொடர்பான செயல்களுக்காக இத்தகைய வழக்குத் தொடுப்பதிலிருந்து, 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தின் 18ஆம் பிரிவு பதிவுபெற்ற சங்கங்களைப் பாதுகாத்தது.

அரசமைப்பின் 19(1)(இ) பிரிவு சங்கம் அமைக்கும் உரிமையை வழங்குகிறது. அரசின் ஏற்பைப் பெறாத சங்கங்களில் ஊழியர் உறுப்பினராக இருக்கக்கூடாது என்ற நடத்தை விதியை 1962இல் உச்சநீதிமன்றம் செல்லாது என்றது. தொழில் தகராறுகள் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை, சங்கத்தில் சேர்ந்தால் பணிநீக்கம் செய்வதாக அச்சுறுத்துவதை நேர்மையற்ற நடைமுறை என வரையறுத்தது. 2020ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத்தொகுப்பும் இதனைத் தொடர்கிறது. எனினும் அவ்வட்டவணை அச்சுறுத்தலைச் சுட்டுகிறதேயன்றி, பணியேற்கும்போது பெறப்படும் உறுதிமொழியைப் பெயர்குறித்துச் சுட்டவில்லை. பொதுக்கொள்கைக்கு முரணான உடன்பாடு செல்லாது என்னும் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவையே அங்குத் துணைக்கொள்ள வேண்டியுள்ளது.

கொடைக்கானல் காட்டும் உண்மை

அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து இடம்பெயர்ந்த வெப்பமானி ஆலை, 1980களில் கொடைக்கானலில் பாம்பார் சோலைக்கு மேலே இயங்கத் தொடங்கியது. பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் உடைமையான அவ்வாலை 2001 மார்ச்சில் மூடப்பட்டது. அங்குச் சங்கத்தடை இருந்தது என்பது இக்கட்டுரையின் வாதமன்று. ஆலை மூடப்பட்டபின் நிகழ்ந்ததே இங்குக் கருதத்தக்கது. முன்னாள் தொழிலாளர் சங்கமாகத் திரண்டு உயர்நீதிமன்றத்தை நாடினர். தொழிலாளர் உடல்நலம் பாதிக்கப்படவில்லை என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆயினும் 2016 மார்ச்சில் 591 பேருக்கான உடன்பாடு எட்டப்பட்டது.

பாதரச ஆவிக்கு நிறமோ மணமோ இல்லை. நரம்புகளையும் சிறுநீரகத்தையும் அது மெல்லத் தாக்கக்கூடியது. கைந்நடுக்கம் ஒருவருக்கு ஏற்பட்டால் அவர் அதனைத் தம் நோயாகவே கருதுவார். உடன் பணிபுரிந்தோரின் நிலையோடு ஒப்பிடும்போதுதான் பணியிடத்தோடு அதற்குத் தொடர்புண்டா என்ற ஐயமே எழும். மருத்துவப் பதிவுகளைக் கோருதல், வல்லுநரை நாடுதல், ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்துதல் ஆகியன தனியொருவரின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவை.

விருப்பமும் கட்டும்

சங்கத்தில் சேராதிருப்பது ஒருவரின் உரிமை. எந்நாளும் சேரமாட்டேன் என முன்கூட்டியே கட்டுண்பது வேறு. முன்னது நாளை மாற்றிக்கொள்ளத்தக்க முடிவு. பின்னது மாறும் வாய்ப்பையே இழப்பது. மேலும், ஒருவர் இடும் கையொப்பம் உடன் பணியாற்றுவோரின் கூட்டு வலிமையையும் குறைக்கிறது. ஆகவே அது அவரது தனியுடைமை குறித்த பேரம் மட்டுமன்று.

முடிவுரை

சங்கம் சேராமையை வேலைக்கான நிபந்தனையாக்குவதற்கு எதிரான பாதுகாப்பை, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1949ஆம் ஆண்டு 98ஆம் உடன்படிக்கை முதல் உறுப்பிலேயே வலியுறுத்துகிறது. இந்தியா அதனை ஏற்புறுதி செய்யவில்லை. ‘தொழிலாளர்’ என்னும் சட்ட வரையறைக்குள் வருவோர், வாராதோர் என்ற வேறுபாடின்றி, இந்நிபந்தனை தொடக்கம் முதலே செல்லாது என நாடாளுமன்றம் வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும். செல்லாத விதியும், அதனை அறியாது கையொப்பமிட்டவரை அச்சத்தால் கட்டிவைக்கும்.