ஐந்து புள்ளியில் நழுவிய பட்டம்

2021 நவம்பர் 10. இத்தாலியின் மாண்டோவா நகரில், மண் தடத்தில் ஓடும் மோட்டார் சைக்கிள் பந்தயமான மோட்டோகிராஸின் உலக சாம்பியன்ஷிப் கடைசிச் சுற்று. கொரோனா காரணமாகத் தாமதித்து ஜூனில் ரஷ்யாவில் தொடங்கிய பருவம் அது. நெதர்லாந்தின் ஜெஃப்ரி ஹெர்லிங்ஸ், பிரான்ஸின் ரோமன் ஃபெவ்ர், நடப்புச் சாம்பியனான ஸ்லோவேனியாவின் டிம் கைசர் ஆகிய மூவரும் வெறும் 3 புள்ளி இடைவெளிக்குள் நின்றார்கள். அன்று மாலை பட்டம் ஹெர்லிங்ஸுக்குப் போனது. ஃபெவ்ர் தோற்றது 5 புள்ளியில்.

அந்த 5 புள்ளியின் கனம் புரிய, கணக்கு தெரிய வேண்டும். ஒரு சுற்றுக்கு, வழக்கமாக ஞாயிறன்று, இரண்டு பந்தயங்கள். ஒவ்வொன்றும் 30 நிமிடமும், அதற்கு மேல் 2 லேப்பும். முதலிடத்துக்கு 25 புள்ளி, அடுத்து 22, 20, 18, 16, 15 என்று இறங்கி இருபதாம் இடத்துக்கு 1. ஆக, 5 புள்ளி என்பது ஒரே ஒரு பந்தயத்தில் முதலாவதாக வருவதற்கும் மூன்றாவதாக வருவதற்கும் உள்ள வித்தியாசம். 18 சுற்று, 36 பந்தயம் முடிந்தபின் எஞ்சியது அவ்வளவுதான். 2023 முதல் சனிக்கிழமைத் தகுதிப் பந்தயத்துக்கும் 10 முதல் 1 வரை புள்ளி உண்டு; முன்பு அது தொடக்க வரிசையில் யார் முதலில் இடம் தேர்ந்தெடுப்பது என்பதற்கு மட்டுமே. புள்ளிப் பட்டியலில் முன்னிற்பவரின் வண்டியில் எண் பலகை சிவப்பாக இருக்கும். அதைப் பார்த்தே ரசிகர்கள் அவரைக் கண்டுகொள்வார்கள்.

எம்எக்ஸ்ஜிபி எனப்படும் முதன்மைப் பிரிவில் ஓடுவது 450 சிசி வரையிலான ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி. ஹெட்லைட் இல்லை, கண்ணாடி இல்லை, சைடு ஸ்டாண்டு இல்லை, வேகமானிகூட இல்லை. எடை 110 கிலோவை ஒட்டி இருக்கும்; சக்தியோ 60 குதிரைத்திறன் அளவில். முன் சக்கரம் 21 அங்குலம், பின் சக்கரம் 19. டயரில் கட்டை கட்டையான ரப்பர் பற்கள். உயரத்திலிருந்து விழும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள, முன் ஃபோர்க்கும் பின் ஷாக் அப்சார்பரும் சுமார் 30 சென்டிமீட்டர் வரை அமுங்கி எழும்.

வண்டி ஒன்றுதான், மண் ஊருக்கு ஊர் மாறும். பெல்ஜியத்தின் லொம்மல் ஆழமான மணல். இத்தாலியின் பியேத்ராமுராட்டா கெட்டித்தரை. மணலுக்கு சஸ்பென்ஷனை இறுக்குவார்கள், பின் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டுவார்கள், மணலைத் துடுப்புபோல் தள்ளும் டயரை மாட்டுவார்கள். மணலில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் முன் சக்கரம் புதைந்துவிடும். எனவே உடலைப் பின்னுக்குச் சாய்த்து முறுக்கிக்கொண்டே போக வேண்டும். கெட்டித்தரையில் அப்படி முறுக்கினால் பின் சக்கரம் வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒரு வாரம் பழகியதை அடுத்த வாரம் மறக்கத் தெரிந்தவனே பட்டத்துக்கு ஆள்.

ஒரே பந்தயத்துக்குள்ளும் தடம் அப்படியே இருப்பதில்லை. ஏறத்தாழ 40 வண்டிகள் ஒரே வளைவில் திரும்பத் திரும்ப ஓடுவதால் முழங்கால் ஆழத்துக்குக்கூடப் பள்ளக்கோடு விழும். பிரேக் பிடிக்கும் இடமெல்லாம் மேடும் குழியும் ஆகும். அதனால் முன்னே ஓடுவது பெரிய லாபம்: பின்னால் வருபவன் மண்ணை முகத்தில் வாங்கியபடி, எதிரே இருப்பது தெரியாமல் ஓட வேண்டும்.

இதனால்தான் தொடக்கத்துக்கு அத்தனை முக்கியத்துவம். வண்டிகள் வரிசையாக இரும்பு கேட்டின் முன் நிற்கும். 15 விநாடி அட்டை, பிறகு 5 விநாடி அட்டை காட்டப்படும். அதன்பின் எந்த நொடியிலும் கேட் விழலாம். அது ஓட்டுபவரை நோக்கி விழுகிறது. அவசரப்பட்டு முன்னேறியவரின் சக்கரமே அதைக் கீழே விழவிடாமல் தடுத்துவிடும். முன் சக்கரம் தூக்கிவிடாமலிருக்க, ஃபோர்க்கை அமுக்கி ஒரு சிறு கொக்கியால் பூட்டி வைத்திருப்பார்கள். முதல் பிரேக்கிலோ பள்ளத்திலோ அது தானே விடுபடும். முதல் வளைவை முதலில் தொடுவதற்கு ஹோல்ஷாட் என்று பெயர்.

அரை மணிக்கும் மேலாக இதயம் உச்சத்துக்குப் பக்கத்திலேயே துடிக்கும். முன்கை தசைகள் இறுகிப் பிடி தளரும். ஒருமுறை விழுந்தால் போவது அந்தப் பந்தயத்தின் புள்ளி மட்டுமல்ல, சில வாரங்களும்தான். அதே 2021-இல் ஹெர்லிங்ஸ் சொந்த நாட்டுச் சுற்றான ஓஸில் தோள்பட்டை எலும்பு முறிந்து, அடுத்த செக் நாட்டுச் சுற்றுக்கே போகவில்லை. ஆனாலும் பட்டம் அவருக்கு. ஃபெவ்ரோ அந்தத் தோல்வி நடந்த அதே மாதத்தில் பாரிஸ் சூப்பர்கிராஸில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். முதல் பட்டத்தை 2015-இலேயே வென்றவர் அவர். இரண்டாவதற்குப் பத்து ஆண்டு காத்திருந்து, 2025-இல், 33 வயதில், அதையும் வென்றார்.