முகத்தில் பிறந்த சொல்

நம் பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையில் ஆசிரியர்கள் எழுதும் சொற்களில் ‘சியர்ஃபுல்’ என்பதும் ஒன்று. அதற்குத் தமிழில் என்ன என்று பிள்ளைகள் கேட்டால், ‘சந்தோஷமான’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அது தவறல்ல. ஆனால் அதைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் உண்டு. அந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பார்த்தால் இது விளங்கும்.

‘சியர்ஃபுல்’ என்பதன் அடிச்சொல் ‘சியர்’. பிற்கால லத்தீனில் ‘காரா’ என்றால் முகம். ஸ்பானிய மொழியில் இன்றும் அதே பொருள்தான். இச்சொல் பழைய பிரெஞ்சின் வழியாக 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அங்கும் முகத்தையே குறித்தது. பிறகு முகத்தில் தெரியும் மனநிலைக்குப் பெயரானது. மலர்ந்த முகமும் சியர், வாடிய முகமும் சியர். எது என்பதை அடைமொழிதான் சொல்லும். நாளடைவில் ‘குட் சியர்’ என்ற வழக்கு வேரூன்றி, ‘குட்’ இல்லாமலே மகிழ்ச்சி என்ற பொருள் நிலைத்துவிட்டது. கூட்டத்தின் உற்சாக முழக்கமும், கோப்பையை உயர்த்திச் சொல்லும் ‘சியர்ஸ்’ என்பதும் அதற்குப் பின் வந்தவை.

பிரெஞ்சு மொழியில் இன்னொரு சுவையான மாற்றம். அங்கே ‘நல்ல முகம் காட்டுதல்’ என்ற தொடர் முதலில் விருந்தினரை அன்போடு வரவேற்பதைக் குறித்தது. இன்று அதற்கு நன்றாகச் சாப்பிடுவது என்று பொருள்! நம் ‘விருந்து’ என்ற சொல்லும் இப்படி வளர்ந்ததுதான். முதலில் புதுமை, பிறகு புதிதாக வந்தவர், பிறகு அவருக்குப் படைக்கும் உணவு.

ஆகவே ‘சியர்ஃபுல்’ என்பதற்கு நான் சொல்லும் தமிழ் ‘முகமலர்ச்சியுள்ள’ என்பதே. இரு மொழிகளும் மகிழ்ச்சியை முகத்தில்தான் கண்டிருக்கின்றன. வள்ளுவரும் விருந்தோம்பல் அதிகாரத்தில், நம் முகம் சற்று மாறினாலே விருந்தினர் மனம் வாடிவிடும் என்று எச்சரிக்கிறார்.

ஊரிலிருந்து தாத்தா பாட்டி வரும்போது, தமிழ் சரளமாக வராத கூச்சத்தில் பிள்ளைகள் உள்ளறைக்குள் ஒதுங்குவதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். வந்தவர்களோ, பேரப்பிள்ளைகளுக்குத் தங்கள் மேல் பாசமில்லை என்று எண்ணி வருந்துகிறார்கள். பிழையில்லாத தமிழை மெல்லக் கற்றுக்கொள்ளட்டும். அதற்கு முன், வாசலுக்கு வந்து முகமலர்ச்சியோடு ‘வாங்க தாத்தா, வாங்க பாட்டி’ என்று சொல்லப் பழக்குவோம். பாதிப் பேச்சை அந்த முகமே பேசிவிடும்.