அடையாளக் கார்டு எண்: பெயரா, சாவியா?

ஜொகூர் பாரு வட்டாரத்தில் வேலியிட்ட வீடமைப்புப் பகுதி ஒன்றுக்கு, உறவினர் வீட்டு விசேஷம் என்று போகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். நுழைவாயிலில் சிறிய காவல் சாவடி. அதன் சன்னல் ஓரத்தில், நூலில் கட்டிய பேனாவுடன் நீளமான ஒரு நோட்டுப் புத்தகம். கார் எண், பெயர், போகவேண்டிய வீட்டு எண், கைத்தொலைபேசி எண், அடையாளக் கார்டு எண். எல்லாவற்றையும் எழுதிவிட்டால் தடுப்புக் கட்டை மேலே போகும். பின்னால் நிற்கும் கார்கள் ஹாரன் அடிப்பதற்குள் பெரும்பாலோர் எழுதி முடித்துவிடுகிறார்கள்.

மென்பொருள் பொறியியலாளர் ஒருவர் மட்டும் பேனாவைக் கையில் பிடித்தபடி சற்றுத் தயங்குவார். தமக்கு முன்னால் வந்த இருபது பேரின் விவரங்கள் அதே பக்கத்தில் அவர் கண்ணுக்கு எதிரே இருக்கின்றன. அவருக்குப் பின்னால் வருகிறவர் அவருடைய விவரத்தைப் பார்க்கப் போகிறார்.

விடியற்காலையில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் நிரல் எழுதிவிட்டு, இரவில் ஸ்கூடாய்க்கும் மாசாய்க்கும் திரும்புகிறவர்கள் ஜொகூரில் பலர் உண்டு. அவர்களோடு பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். புதிதாக வந்த கைத்தொலைபேசி, புதிய நிரல் மொழி என்று தொடங்கும் பேச்சு எப்படியோ சுற்றி வந்து சொந்த விவரப் பாதுகாப்பில் நிற்கும். “இவருக்கு எதற்கெடுத்தாலும் சந்தேகம்” என்று வீட்டிலுள்ளவர்கள் அலுத்துக்கொள்வார்கள். அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறதா என்பதற்கு, முதலில் அந்த எண்ணையே பிரித்துப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டில் இப்போதுள்ள 12 இலக்க எண் 1990இல் வந்தது. அதற்கு முன்பிருந்த ஏழு இலக்க எண்ணை இன்னும் மனப்பாடமாகச் சொல்லும் பெரியவர்கள் உண்டு. 2001இல் சில்லு பதித்த மைகார்டு வந்தபோது கார்டுதான் மாறியது, எண் மாறவில்லை. முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். 850314 என்று தொடங்கினால் 1985 மார்ச் 14 என்று பொருள். அடுத்த இரண்டு இலக்கங்கள் பிறந்த மாநிலத்தைக் குறிக்கும். மாநிலங்களை ரோமன் எழுத்து வரிசையில் அடுக்கியதால் முதலிடம் ஜொகூருக்குக் கிடைத்தது, அதாவது 01. கெடா 02, கிளந்தான் 03, பேராக் 08, சிலாங்கூர் 10, கோலாலம்பூர் 14. இவை தவிர வேறு சில கூடுதல் குறியீடுகளும் உண்டு. மீதமுள்ள நான்கில் கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண்.

வயதைக் கேட்டால் சொல்லத் தயங்கும் அத்தைகூட ஐசி எண்ணைக் கேட்டால் கடகடவென்று ஒப்பித்துவிடுவார். அதில் வயது, பிறந்த ஊர்ப்பக்கம், எல்லாமே இருக்கிறது.

ஒருவரின் பிறந்த நாள் முகநூல் வாழ்த்துகளிலிருந்து தெரிந்துவிடுகிறது. எந்த மாநிலத்துக்காரர் என்பதும் தெரிகிறது, ஆணா பெண்ணா என்பதும் தெரிகிறது. அப்படியானால் அவருடைய எண்ணாக இருக்கக்கூடியவை 5,000 மட்டுமே. மனிதருக்கு அது பெரிய எண்ணிக்கையாகத் தோன்றலாம். கணினிக்கு அது கண் இமைக்கும் வேலைகூட அல்ல.

இங்கேதான் பொறியியலாளர்கள் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். “நீங்கள் யார்?” என்பது ஒரு கேள்வி. “அவர்தான் நீங்கள் என்பதற்கு என்ன சாட்சி?” என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குப் பெயரும் எண்ணும் பதிலாகலாம். இரண்டாவது கேள்விக்கு, அந்த மனிதரிடம் மட்டும் உள்ள ஏதோ ஒன்று பதிலாக வேண்டும். அவர் மனதில் உள்ள ரகசியச் சொல், அவர் கையில் உள்ள கார்டு, அவர் கைரேகை. மைகார்டின் சில்லில் கைரேகை பதிக்கப்பட்டிருப்பதே இந்த இரண்டாவது கேள்விக்காகத்தான். வங்கியில் கார்டைச் செருகிக் கட்டைவிரலை வைக்கச் சொல்கிறார்களே, அது சரியான முறை.

ஆனால் நடைமுறையில் எண்ணையே சாட்சியாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் ஊறிப்போய்விட்டது. தொலைபேசிச் சேவை மையத்துக்கு அழைத்தால், “உறுதிப்படுத்திக்கொள்ள உங்கள் ஐசி எண்ணைச் சொல்லுங்கள்” என்கிறார்கள். மின்னஞ்சலில் வரும் கணக்கறிக்கையைத் திறப்பதற்குக் கடவுச்சொல்லே ஐசி எண்ணின் ஒரு பகுதி. காவல் சாவடி நோட்டுப் புத்தகத்தில் ஊரறிய எழுதிய ஒன்றை இன்னோர் இடத்தில் பூட்டின் சாவியாகப் பயன்படுத்துகிறோம். சாவி தொலைந்தால் பூட்டை மாற்றலாம். கடவுச்சொல் கசிந்தால் வேறொன்று வைத்துக்கொள்ளலாம். பிறந்த தேதியை யார் மாற்றுவது?

கசிந்தால் என்ன ஆகும் என்பதை இந்த நாடு 2017இல் பார்த்தது. அந்த ஆண்டு அக்டோபரில், மலேசியக் கைத்தொலைபேசி வாடிக்கையாளர்களின் விவரங்கள் விற்பனைக்கு வந்திருப்பதை லோயாட் இணையத்தளம் வெளியிட்டது. மொத்தம் 4 கோடியே 62 லட்சம் கைத்தொலைபேசி எண்கள். நாட்டின் மக்கள் தொகையோ அப்போது சுமார் 3 கோடியே 20 லட்சம். ஒருவர் இரண்டு மூன்று எண்கள் வைத்திருப்பதால் கணக்கு அப்படி வந்தது. எண்ணோடு பெயர், வீட்டு முகவரி, அடையாளக் கார்டு எண், சிம் கார்டின் விவரம் எல்லாம் சேர்ந்திருந்தன. அவை 2014ஆம் ஆண்டுக்குரிய பதிவுகள். அதாவது, கசிந்தது வெளியே தெரிய மூன்று ஆண்டுகள் ஆயின.

அடுத்த மாதமே கீத் ரொசாரியோ என்ற மலேசியக் கணினிப் பாதுகாப்பு எழுத்தாளர் ‘சாயா கெனா ஹேக்’ என்ற தளத்தைத் தொடங்கினார். ‘நானும் மாட்டிக்கொண்டேன்’ என்பதுபோன்ற பேச்சு மலாய்ப் பெயர் அது. ஐசி எண்ணைத் தட்டினால், கசிந்த பட்டியலில் அந்த எண் உள்ளதா என்று தளம் சொல்லும். பட்டியலில் உள்ள கைத்தொலைபேசி எண்ணை முழுமையாகக் காட்டாமல் ஒரு பகுதியை மறைத்துக் காட்டும். தங்கள் விவரம் போய்விட்டதா என்று அறிய வேறு வழியில்லாத மக்கள் அந்தத் தளத்துக்குத் திரண்டார்கள். சில நாட்களிலேயே தனிநபர் தரவுப் பாதுகாப்புத் துறையின் கோரிக்கையின் பேரில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் அதற்குத் தடை விதித்தது.

இதில் யார் பக்கம் நியாயம்? களவுபோன பொருளை உரியவரிடம் காட்டுவதற்காகக்கூட ஒருவர் தம் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்பது அதிகாரிகளின் நிலை என்றால், அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் பொருளைப் பறிகொடுத்தவருக்கு, “உங்களுடையதும் போய்விட்டது” என்று சொல்லவேண்டிய கடமை அன்று யாருக்கும் சட்டப்படி இல்லை. அந்த வெற்றிடத்தை ஒரு தனி மனிதரின் தளம் நிரப்பியது. தடை விதித்தவர்கள் அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை என்பதுதான் குறை.

அந்தப் பட்டியல்கள் எதற்குப் பயன்படும் என்று கேட்கலாம். ஒரு மாலை நேரம் தொலைபேசி மணி அடிக்கிறது. பேசுகிறவர் பாட்டியின் முழுப் பெயரைச் சொல்கிறார், ஐசி எண்ணை ஒரு இலக்கம் தவறாமல் வாசிக்கிறார், வீட்டு முகவரியையும் சொல்கிறார். பிறகு, “போலீஸ் தலைமையகத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறது” என்கிறார். மக்காவ் மோசடி என்று நாம் கேள்விப்படும் வலை இப்படித்தான் விரிக்கப்படுகிறது. இத்தனையும் தெரிந்தவர் அரசாங்க அதிகாரியாகத்தான் இருப்பார் என்று பாட்டி நம்புகிறார். பாட்டியின் தவறு அது இல்லை. எண் தெரிந்தவர் நம்பத் தகுந்தவர் என்று அவரை நம்பவைத்தது மேலே சொன்ன வழக்கங்கள்தான். பணம் கைமாறிவிட்டது என்று தெரிந்த உடனே அழைக்கவேண்டிய எண் 997. 2022இல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பும் அவ்வளவு கூடும்.

“எங்கள் கணினியில் எண்கள் அப்படியே இல்லை, உருமாற்றித்தான் வைத்திருக்கிறோம்” என்று சில நிறுவனங்கள் சமாதானம் சொல்வதுண்டு. ஹேஷ் எனப்படும் இந்த முறையை மிளகாய் அரைப்பதற்கு ஒப்பிடலாம். தூளிலிருந்து மிளகாயைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் ஒரே மிளகாயை எப்போது அரைத்தாலும் ஒரே தூள்தான் வரும். கடவுச்சொற்களைக் காக்க நல்ல முறை. ஐசி எண்ணுக்கு மட்டும் அது பலிப்பதில்லை. காரணம் வெறும் பெருக்கல் கணக்கு. நூறு ஆண்டுகளில் 36,525 நாட்கள். முதன்மை மாநிலக் குறியீடுகள் 16. கடைசி நான்கு இலக்கங்களுக்கு 10,000 வாய்ப்புகள். பெருக்கினால் சுமார் 584 கோடி. பெரிய எண்தான். ஆனால் கணினி விளையாட்டுப் பிரியர்கள் வாங்கும் ஒரு நல்ல வரைகலை அட்டை, பழைய வகை ஹேஷ் கணக்கை நொடிக்குப் பல நூறு கோடி முறை போடும். உலகில் உள்ள எல்லா மிளகாயையும் அரைத்து வைத்துக்கொண்டு, எந்தத் தூள் ஒத்துப்போகிறது என்று பார்ப்பது போன்றது இது. சில நொடிகளில் திரை விலகிவிடும். ரகசியத் திறவுகோல் ஒன்றைச் சேர்த்து அரைத்து, அந்தத் திறவுகோலை வேறிடத்தில் பூட்டி வைப்பது மேலான முறை. அதைவிட மேலானது, தேவையில்லாத எண்ணைக் கேட்காமலே இருப்பது.

சட்டம் என்ன சொல்கிறது? தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் நிறைவேறி, 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. வணிக நடவடிக்கைகளுக்கு மட்டுமே அது பொருந்தும். மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. 2024இல் செய்த திருத்தம் 2025இல் கட்டம் கட்டமாக நடப்புக்கு வந்தது. கொள்கைகளை மீறும் நிறுவனத்துக்கான அதிகபட்ச அபராதம் 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சம் வெள்ளிக்கு உயர்ந்தது. சிறைத் தண்டனை இரண்டாண்டிலிருந்து மூன்றாண்டு ஆனது. 2025 ஜூன் முதல், விவரங்கள் கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். பெரும் பாதிப்பு வரும் என்றால் சம்பந்தப்பட்டவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். 2017இல் இல்லாத கடமை இது.

பாலத்துக்கு அந்தப் பக்கம் நிலைமை வேறு. சிங்கப்பூரில் 2019 செப்டம்பர் முதல், சட்டம் கேட்டாலன்றி அல்லது ஒருவரைத் துல்லியமாக அடையாளம் காணும் அவசியம் இருந்தாலன்றி, தனியார் நிறுவனங்கள் அடையாள அட்டை எண்ணை வாங்கக் கூடாது. அங்கே வேலை செய்துவிட்டு இங்கே வந்து நோட்டுப் புத்தகத்தின் முன் நிற்பவருக்கு உறுத்துவதில் வியப்பில்லை. ஆனால் அங்கும் எல்லாம் சீராக இல்லை. 2024 டிசம்பரில் நிறுவனப் பதிவுக்கான அரசாங்க இணையத்தளம் ஒன்றில் மக்களின் முழு அடையாள எண்களும் தேடியவர் கண்ணில் படும்படி வந்து, பெரும் சர்ச்சையானது. அப்போது அந்த அரசாங்கம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது. எண் ஒரு பெயரைப் போன்றது. அதைக் கடவுச்சொல்லாகப் பயன்படுத்தும் நிறுவனங்கள் அந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும். சொன்ன நேரம் மக்களுக்குப் பிடிக்கவில்லை என்றாலும், சொன்ன கருத்து சரியானதே.

ஜொகூரில் இப்போது கூலாய், செடெனாக் பக்கம், முன்பு செம்பனை நின்ற நிலத்தில், பிரம்மாண்டமான தரவு மையங்கள் எழுந்துள்ளன. முள்வேலி, கேமரா, பல அடுக்குக் கதவுகள் என்று அங்கே பாதுகாப்பு பலமாக இருக்கிறது. சில மைல் தொலைவில், தாமான் வாசலில், நூலில் கட்டிய பேனாவோடு அந்த நோட்டுப் புத்தகம் மழைச்சாரலில் நனைந்துகொண்டிருக்கிறது.

பாதுகாவலர் மீது குறை சொல்வதற்கில்லை. பெரும்பாலும் நேப்பாளத்திலிருந்து வந்து, சொன்ன வேலையைச் செய்கிறவர் அவர். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். அடையாளக் கார்டை வாங்கித் தம்மிடம் வைத்துக்கொள்ளத் தனியார் பாதுகாவலருக்கு அதிகாரம் இல்லை. கார்டைக் காட்டச் சொல்லும் அதிகாரம் போலீஸ், பதிவதிகாரி போன்ற அரசாங்க அதிகாரிகளுக்கு உரியது. கார்டை விட்டுவிட்டு உள்ளே போங்கள் என்றால் பணிவாக மறுத்து, வீட்டுக்காரரை அழைக்கச் சொல்லலாம்.

குடியிருப்போர் சங்கம் அந்தத் தயங்கிய பொறியியலாளரிடமே ஒரு பதிவேட்டை உருவாக்கச் சொன்னால், முதலில் அவர் கேட்கும் கேள்வி, “இது எதற்காக?” என்பதாக இருக்கும். திருட்டு நடந்தால் யார் வந்தார் என்று பார்க்க என்றால், கார் எண், வந்த நேரம், போன வீடு ஆகிய மூன்றும் போதும். ஒரு மாதம் கழித்துப் பதிவு தானாக அழிந்துவிடும். யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிவைக்கக்கூடிய ஐசி எண்ணை விட்டுவிட்டு, சாவடியிலிருந்து வீட்டுக்கு ஓர் அழைப்பு போகும். “வந்திருப்பது என் மச்சான்தான், உள்ளே விடுங்கள்” என்று வீட்டுக்காரர் சொன்னதும் கட்டை உயரும்.