நீக்கலும் மறைத்தலும்: கோப்பின் அணுகுரிமைப் பட்டியல் பற்றிய ஓர் ஆய்வு

கணிப்பொறியில் ஒரு கோப்பினைப் படித்தற்கும் எழுதுதற்கும் உரியார் யாவர் என வரையறுக்கும் முறை இருவகைப்படும். உடையவர், குழுவினர், ஏனையோர் என மூன்றாகப் பகுத்து உரிமை வழங்குவது யூனிக்சின் பழைய முறை. தனியொருவரைப் பெயர் சுட்டி உரிமை வழங்குவது மற்றொரு முறை. இதனை அணுகுரிமைப் பட்டியல் என வழங்குவோம். 1960களில் உருவான மல்டிக்சு அமைப்பிலேயே இஃது இடம்பெற்றது. இதற்குப் பொதுவரையறை காண முயன்ற போசிக்சு வரைவு 1998இல் கைவிடப்பட்டதாயினும், லினக்சு அதனையே பெரிதும் தழுவி நிற்கின்றது. இப்பட்டியலை நீக்குமாறு யாங்ஙனம் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

நீக்கல், மறைத்தல், வெறுமையாக்கல் ஆகிய மூன்றும் ஒருபொருட் சொற்கள் அல்ல. ஆய்வேட்டுக் கோப்பு ஒன்றினை எடுத்துக்கொள்வோம். உடையவர்க்குப் படித்தலும் எழுதுதலும் உண்டு. குழுவினர்க்கும் ஏனையோர்க்கும் யாதும் இல்லை. தேர்வாளர் ஒருவர்க்கு மட்டும் பெயர் சுட்டி அவ்விரண்டும் வழங்கப்பட்டுள்ளன. இத்தகைய பட்டியலில் வரம்புவரி என ஒன்றும் உண்டு. பெயர் சுட்டப்பட்டோரும் குழுவினரும் பெறத்தக்க உரிமையின் மேலெல்லை அது. பட்டியலுடைய கோப்பில், குழுவினர்க்குரிய இடத்தில் நம் கண்ணுக்குப் புலனாவது குழுவின் உரிமையன்று. இவ்வரம்பே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

தேர்வு முடிந்தபின் உடையவர் சிஎச்மோட் கட்டளையால் 600 என அமைக்கின்றார் எனக் கொள்வோம். வரம்பு வெறுமையாகும், தேர்வாளர் கோப்பினைத் திறத்தல் இயலாது. ஆயினும் அவர் பெயர் பட்டியலினின்றும் அகலவில்லை. பின்னொருநாள் குழுவினர்க்கு வழங்கக் கருதி 660 என மாற்றின், உயர்வது வரம்பே. குழுவினர் யாதும் பெறார். தேர்வாளரோ இழந்த உரிமையை மீளப் பெறுவர். இது மறைத்தலேயன்றி நீக்கல் ஆகாது.

நிரல் எழுதுவார்க்கு மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. கோப்பின் புறத்தே தோன்றும் 660 என்னும் எண்ணைக் கொண்டு மூவரிப் பட்டியல் ஒன்று அமைத்துப் பழையதன் இடத்தில் வைப்பாராயின், தேர்வாளர் பெயர் ஒழியும். ஆனால் வரம்பாக இருந்தது குழுவின் உரிமையாகிவிடும். ஒருவரை விலக்கப் புகுந்து குழு முழுமைக்கும் கதவு திறந்தவாறாம். ஆகலின், குழுவரியும் வரம்புவரியும் ஒருங்கே இசையும் உரிமையை மட்டும் குழுவிற்கு எஞ்சவைத்து, ஏனை இரு வரிகளை உள்ளவாறே காத்தல் முறை. மூன்று வரிகளே எஞ்சின், லினக்சு தனிப்பட்டியலை ஒழித்துப் பழைய முறைக்கே மீள்கின்றது. கோப்பு விவரத்தில் உரிமை எழுத்துகளின் இறுதியில் நின்ற கூட்டற்குறி மறைதல் இதற்குச் சான்று. செட்எஃப்ஏசிஎல் கட்டளை பெயர் சுட்டிய வரிகளை நீக்கி அடிப்படை வரிகள் மூன்றனை நிறுத்தும்.

கோப்புறைகட்கு, உள்ளே புதிதாகத் தோன்றுவனவற்றிற்கு உரிமை வழங்கும் இயல்புப் பட்டியலும் உண்டு. அதனையும் நீக்கல் வேண்டும். நீக்கியவழியும் முன்னரே தோன்றிய கோப்புகள் பெற்ற உரிமை மாறாது. அன்றியும், உரிமை ஆராயப்படுவது கோப்பினைத் திறக்கும் வேளையிலேயாகலின், முன்னரே திறந்து வைத்திருப்பாரை நீக்கல் தடுக்காது.

வெறுமையாக்கலின் வேறுபாடு விண்டோசில் தெளிவாகும். அங்குப் பட்டியல் இருந்து அதில் வரியொன்றும் இல்லையெனின் எவர்க்கும் அணுகுரிமை இல்லை. பட்டியலே இல்லையெனின் யாவர்க்கும் முழுவுரிமை உண்டு. வெறுமையும் இன்மையும் ஒன்றெனக் கருதுவார்க்கு நேரும் இழப்பு இதனாற் புலனாகும்.

எனவே, நீக்கல் என்பது அழிக்கும் செயல் மட்டும் அன்று. எஞ்சி நிற்பது யாது என வரையறுக்கும் செயலுமாம் என்பது பெறப்படும்.