செயற்கைப் புல் மைதானம்: பணம் சேர்க்க முன் கேட்க வேண்டியவை

கிழக்கில் மாரி தொடங்கிவிட்டால் எமது மைதானங்கள் மாதக்கணக்கில் சேறாகிவிடும். ஆகவே, செயற்கைப் புல் மைதானம் அமைக்க விளையாட்டுக் கழகங்கள் ஆர்வம் காட்டுவதில் வியப்பில்லை. ஆனால் கழக நண்பர்கள் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "அதில் விளையாடினால் புற்றுநோய் வருமாமே?"

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? பிளாஸ்டிக் புல் இழைகளுக்கிடையே மணலும், அதன் மேல் பழைய டயர்களை அரைத்த இறப்பர் துகள்களும் நிரப்பப்படுகின்றன. மணல் விரிப்பை அசையாமல் வைத்திருக்கும். இறப்பர் விழுபவரின் அடியைத் தாங்கும். டயரில் தீங்கான இரசாயனங்கள் இருப்பது உண்மை. எனினும் 2017இல் இதனை ஆராய்ந்த ஐரோப்பிய இரசாயன முகவரகம், அவற்றால் ஏற்படக்கூடிய ஆபத்து மிகக் குறைவு என்றே கூறியது. பின்னர் 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் இத்தகைய துகள்களின் விற்பனையை 2031 முதல் தடை செய்யத் தீர்மானித்தது. அதற்குக் காரணம் புற்றுநோய் அல்ல. துகள்கள் மண்ணிலும் நீரிலும் கலந்து நுண்பிளாஸ்டிக் மாசாவதுதான். கடலும் களப்பும் அருகிலுள்ள எமது ஊர்களுக்கு இது சிறிய விடயமல்ல.

என் பார்வையில் எமக்கு உடனடி ஆபத்து வெயில்தான். இயற்கைப் புல் நீராவியை வெளிவிட்டுத் தன்னைக் குளிர்விக்கும். செயற்கைப் புல்லால் அது முடியாது. கடும் வெயிலில் அதன் மேற்பரப்பு 60 பாகை செல்சியஸையும் தாண்டும். தண்ணீர் தெளித்தாலும் சிறிது நேரத்தில் மீண்டும் சூடேறிவிடும். எனவே நண்பகலில் பாடசாலைப் பிள்ளைகளை அதில் ஓடவிடக் கூடாது. காலையும் அஸருக்குப் பின்னரான நேரமுமே பொருத்தமானவை. வழுக்கி விழுந்து தோல் உரிந்தால் உடனே சவர்க்காரமிட்டுக் கழுவி, காயத்தை மூட வேண்டும்.

நன்மைகளும் பெரியவை. வடிகால் சரியாக இருந்தால் மழை விட்ட சிறிது நேரத்தில் விளையாடலாம். ஒரே நாளில் பல அணிகள் பயிற்சி பெறலாம். பள்ளம் மேடு இல்லாததால் பந்து சீராக உருளும். உலக ஹொக்கி 1976 மொன்ட்ரியல் ஒலிம்பிக்கிலிருந்தே செயற்கைத் தரைக்கு மாறிவிட்டது. 2015 மகளிர் உலகக் கிண்ண உதைபந்தாட்டம் முழுவதும், வீராங்கனைகள் பலரின் எதிர்ப்புக்கு மத்தியிலும், செயற்கைப் புல்லிலேயே நடந்தது.

ஆகவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திட முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நிரப்பப்படுவது டயர் துகளா, தேங்காய்த் தும்பு அல்லது தக்கை போன்ற மாற்றுப் பொருளா? பீபா தரப் பரிசோதனைச் சான்றிதழ் உண்டா? துகள்கள் வடிகானுக்குள் போகாமல் தடுப்பு உண்டா? சுமார் பத்து வருடங்களில் விரிப்பு தேய்ந்ததும் புதியதுக்குப் பணம் எங்கே, பழையது எங்கே போகும்?

நான்காவது கேள்விக்குப் பதில் இல்லாமல் ஊர் மக்களிடம் நிதி சேர்க்க வேண்டாம். திறப்பு விழா ஒரு நாள்தான். பராமரிப்போ பத்து வருடம்.