முன்னால் வெளிச்சம், பின்னால் இருட்டு

நண்பகலில் எதிரே வரும் காரின் முன்பக்கம் வெள்ளையாக எரிவதைக் கண்டால், விரல்களைக் குவித்து விரித்து "லைட் எரியுது" என்று சைகை காட்டும் பழக்கம் எங்கள் வீதிகளில் இன்னும் இருக்கிறது. நல்ல மனதோடு செய்வதுதான். ஆனால் அந்தச் சாரதி மறதியில் அதைப் போட்டுவிட்டு வரவில்லை. இயந்திரம் இயங்கியதும் தானாக எரிவதற்கென்றே பொருத்தப்பட்ட பகல்நேர விளக்கு அது. பல கார்களில் அதை அணைப்பதற்குச் சுவிட்ச்சே கிடையாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்ட பின்னர், ஏ9 வீதியில் இந்த விளக்கோடு வரும் புதிய கார்களை அடிக்கடி காண்கிறேன்.

எனக்குப் பகல் பிரச்சினை இல்லை. பொழுதுபடும் நேரம்தான் பயமாக இருக்கிறது.

இந்த விளக்கு சாரதிக்கு வீதியைக் காட்டுவதற்காக வைக்கப்பட்டதல்ல. மற்றவர்களுக்குக் காரைக் காட்டுவதற்காக வைக்கப்பட்டது. கிபிர் வந்துவிடும் என்று ஹெட்லைட்டை அணைத்துவிட்டு, நிலா வெளிச்சத்தில் வன்னிப் பாதைகளில் வாகனம் ஓட்டிய சனத்துக்கு இது கொஞ்சம் விசித்திரமான யோசனை. கண்ணில் படாமல் போவதுதான் அன்று எங்களுக்குப் பாதுகாப்பு. வடதுருவத்தை அண்டிய நாடுகளின் சிக்கல் வேறு. அங்கே குளிர்காலச் சூரியன் நாள் முழுவதும் அடிவானத்தை ஒட்டியே கிடக்கும். சாம்பல் நிற வீதியில் வரும் சாம்பல் நிறக் கார், மிக அருகில் வரும்வரை கண்ணுக்குத் தட்டுப்படாது. முந்திச் செல்ல வெளியே எடுப்பவருக்கு அந்த ஒரு கணம் போதும், உயிர் போய்விடும்.

அதனால் 1972இல் பின்லாந்து, குளிர்காலத்தில் ஊர்ப்புற வீதிகளில் பகலிலும் விளக்குப் போடச் சொன்னது. 1977இல் சுவீடன் எல்லா வீதிகளுக்கும் அதைச் சட்டமாக்கியது. நோர்வேயும் டென்மார்க்கும் பின்தொடர்ந்தன. கனடாவில் 1990 முதல் புதிய வாகனங்கள் இந்த விளக்கோடுதான் விற்கப்படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2011 பெப்ரவரி 7 முதல் புதிய மாதிரிக் கார்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்றும் இல்லை. 2005இல் பகலில் விளக்குப் போடச் சொன்ன ஒஸ்திரியா, 2008 தொடக்கத்தில் அதைக் கைவிட்டது. கார்கள் எல்லாம் ஒளிர்ந்தால் மோட்டார் சைக்கிளும் நடந்துபோகிறவரும் கண்ணில் படாமல் போவார்கள் என்பது அங்கு எழுந்த வாதங்களில் ஒன்று. சைக்கிளும் நடையுமாக வாழும் எங்கள் ஊர்களுக்கு அது சின்ன வாதமல்ல.

ஐ.நா.வின் வாகன விதிகளின்படி இந்த விளக்கு வெள்ளை நிறமாக இருக்க வேண்டும். ஒளிச்செறிவு 400 முதல் 1200 கண்டெலாவுக்குள் இருக்க வேண்டும். ஒரு மெழுகுதிரி ஏறத்தாழ 1 கண்டெலா. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இது தாராளம். வீதியில் படுத்திருக்கும் மாட்டைக் காட்ட இது போதாது.

இனிப் பின்பக்கம். பெரும்பாலான கார்களில் பகல் விளக்கு எரியும்போது பின் விளக்குகள் எரிவதில்லை. ஹெட்லைட்டையோ பார்க் லைட்டையோ போட்டால்தான் அவை எரியும். பழைய காரில் இந்தக் குழப்பம் வராது. பொழுதுபட்டதும் வீதி தெரியாது, சாரதிக்கு முன்னால் உள்ள வேகமானியும் தெரியாது. அதைப் பார்ப்பதற்காகவேனும் அவர் லைட்டைப் போடுவார். புதிய கார்களில் வேகமானி இருக்கும் திரை எந்நேரமும் ஒளிர்கிறது. முன்னால் வெள்ளை வெளிச்சமும் தெரிகிறது, நகரத்தில் தெருவிளக்கும் உதவுகிறது. எல்லா லைட்டும் எரிகிறது என்று நம்பிக்கொண்டு, பின்பக்கம் முழு இருட்டோடு அவர் போய்க்கொண்டிருப்பார்.

பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் இருக்கிறதே என்று கேட்கலாம். அது தானாக ஒளிராது. பின்னால் வரும் வாகனத்தின் ஹெட்லைட் பட்டால்தான் ஒளிரும். பின்னால் வருபவரும் பகல் விளக்கை மட்டும் நம்பி ஓடினால், அதிலிருந்து பெரிதாக ஒன்றும் திரும்பி வராது.

கனடாவில் இத்தகைய வாகனங்களைப் பேய் வாகனங்கள் என்றே அழைக்கிறார்கள். அங்கே 2021 செப்டெம்பர் முதல் புதிய வாகனங்களுக்கு மூன்று வழிகளில் ஒன்று கட்டாயம். பகல் விளக்கோடு பின் விளக்கும் எரிய வேண்டும். அல்லது இருட்டியதும் எல்லா விளக்கும் தானாக எரிய வேண்டும். அல்லது லைட் போடும்வரை சாரதியின் திரை இருட்டாகவே இருக்க வேண்டும். மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது. பழைய காரின் குணத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

எங்கள் நிலைமை இன்னும் கடினம். சுவீடனில் அந்திவெளிச்சம் நெடுநேரம் நிற்கும். இங்கே சூரியன் மறைந்து சுமார் 20 நிமிடங்களில் இருட்டிவிடும். வவுனியாவில் வெளிச்சத்தோடு புறப்பட்டவர் மாங்குளத்துக்கு வரும்போது இருட்டுக்குள் இருப்பார். அவருக்குப் பின்னால் கடுகதி பஸ்ஸும் டிப்பரும் வரும். மாரி மழையில் இது பகலிலும் நடக்கும்.

புதிய கார் வைத்திருப்பவர்களிடம் நான் சொல்வது இதுதான். லைட் சுவிட்ச்சில் 'ஓட்டோ' என்று ஓர் இடம் இருந்தால் (முச்சக்கரவண்டி அல்ல, தானியங்கி என்று பொருள்) அதை அங்கேயே விட்டுவிடுங்கள். இருட்டை உணர்ந்து காரே ஹெட்லைட்டைப் போடும். ஆனால் அந்த உணரி வெளிச்சத்தின் அளவைத்தான் பார்க்கிறது. வெளிச்சமான வேளையில் கொட்டும் மழையும் காலைப் பனிப்புகாரும் அதற்குப் புரியாமல் போகலாம். அப்போது கையால் போட வேண்டும். திரையில் பச்சை நிற விளக்கு அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் பின்பக்கம் எரியவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய காருக்குக் கடையில் எல்.ஈ.டி பட்டி வாங்கிப் பூட்டுபவர்களும் இருக்கிறார்கள். நீலம், சிவப்பு என்று நிறம் பார்த்து வாங்க வேண்டாம். ஹெட்லைட் போட்டதும் பட்டி அணையும்படி, அல்லது மங்கும்படி, வயரிங் செய்யச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரவில் எதிரே வருபவரின் கண் கூசும். வேலை முடிந்ததும் காசு கொடுப்பதற்கு முன்னர் பொழுதுபடும்வரை பொறுத்திருந்து, ஒருவரைக் காருக்குப் பின்னால் நிறுத்திச் சுவிட்ச்சின் ஒவ்வொரு நிலையிலும் எது எரிகிறது, எது எரியவில்லை என்று கேட்டுப் பாருங்கள்.