சம்பளம் கேட்டால் "தொண்டு". வேலையை நிறுத்தினால் "எஸ்மா"!

அங்கன்வாடி பெண்களின் ஓயாத போராட்டம்

வேலைக்குப் போகிற தாய் காலையில் அவசரம் அவசரமாக பிள்ளையைக் கொண்டுவந்து விடும் இடம் அங்கன்வாடி. அங்கே பாடம் சொல்லித்தரும் பெண்ணை தெருவே "டீச்சர்" என்று கூப்பிடுகிறது. சமைத்து, ஊட்டி, கழுவி, பெருக்குகிற பெண் "ஆயா".

மத்திய அரசின் ஏட்டில் இருவருக்கும் வேறு பெயர். "கவுரவ ஊழியர்கள்"! அதாவது, ஊருக்குத் தொண்டு செய்ய தாங்களாக முன்வந்தவர்கள். தொண்டு செய்கிறவருக்கு சம்பளம் ஏது? ஆகவே அவர்கள் வாங்குவதற்கு "மதிப்பூதியம்" என்று பெயர் வைத்து விட்டார்கள்.

இந்த ஒரு வார்த்தையால் வந்த தகராறுதான் பல ஆண்டுகளாக கோர்ட்டு வரைக்கும், தெரு வரைக்கும் நடக்கிறது.

தொழிலாளி என்று ஒப்புக்கொண்டால் குறைந்தபட்சக் கூலி தர வேண்டும். பி.எப். பிடிக்க வேண்டும். வயதாகி வீட்டுக்கு அனுப்பும்போது பணிக்கொடை தர வேண்டும். தொண்டர் என்று சொல்லி விட்டால் ஒரு மாலை, ஒரு சால்வை. முடிந்தது!

பகுதி நேர வேலையா?

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி, காந்தி ஜெயந்தி அன்று, 33 இடங்களில் தொடங்கியது. இன்று நாடு முழுவதும் சுமார் 14 லட்சம் மையங்கள். தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேல்.

வேலையோ கொஞ்ச நஞ்சம் அல்ல. பிள்ளைகளுக்கு சாப்பாடு போட வேண்டும். பாட்டும் கதையும் சொல்ல வேண்டும். எடை பார்க்க வேண்டும், உயரம் அளக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு சத்துமாவு கொடுக்க வேண்டும். தடுப்பூசி நாளில் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி தாய்மார்களை அழைத்து வர வேண்டும். கொரோனா வந்தபோது கணக்கெடுக்க அலைந்தவர்களில் இவர்களும் உண்டு. வாக்காளர் பட்டியல் வேலை வந்தாலும் இவர்களில் பலர் தலையில்தான் விழுகிறது.

2021-ல் "போஷன் டிராக்கர்" என்ற செல்போன் செயலி வந்தது. முன்பு நோட்டில் எழுதியதை எல்லாம் இப்போது அதில் ஏற்ற வேண்டும். 2025 ஜூலை முதல் வீட்டுக்கு சத்துமாவு வாங்கிப் போகும் தாயின் முகத்தையும் போனில் படம் பிடித்து சரிபார்க்க வேண்டும். சிக்னல் கிடைக்காவிட்டால் வாங்க வந்தவர் திட்டுவது டீச்சரைத்தான். டெல்லியில் உட்கார்ந்து செயலி செய்தவரை யார் திட்டப் போகிறார்கள்?

இத்தனைக்கும் இது "பகுதி நேர வேலை" என்பதுதான் அரசு தரப்பு வாதமாக இருந்தது!

மத்திய திட்டத்தில் டீச்சருக்கு மாதம் ரூ.3 ஆயிரமாக இருந்த தொகை 2018 அக்டோபரில் ரூ.4,500 ஆனது. ஆயாவுக்கு ரூ.2,250. அதன் மேல் மாநிலங்கள் தங்கள் கையில் இருந்து கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கின்றன. 2025 பட்ஜெட்டிலும் அந்த எண் அசையவில்லை. இந்த இடைவெளியில் சமையல் காஸ் விலை எங்கிருந்து எங்கே போனது என்பது வாசகர்களுக்குத் தெரியாதது அல்ல.

திடீரென்று "அத்தியாவசியம்"!

2022 ஜனவரி 31-ந்தேதி டெல்லியில் அங்கன்வாடி பெண்கள் வேலைநிறுத்தத்தில் குதித்தார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்தது. மார்ச்சில் பாய்ந்தது "எஸ்மா" சட்டம். நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலை போனது.

ஆந்திராவிலும் அதே கதை. 2023 டிசம்பர் 12-ல் தொடங்கிய வேலைநிறுத்தம் 42 நாள் நடந்தது. நடுவில், 2024 ஜனவரியில், அங்கேயும் "எஸ்மா"!

எஸ்மா என்பது அத்தியாவசிய பணிகளைக் காக்கும் சட்டம். சம்பளம் கேட்கும்போது தொண்டர்; வேலையை நிறுத்தினால் மட்டும் அத்தியாவசிய ஊழியரா? தொழிற்சங்கங்கள் கேட்ட இந்தக் கேள்விக்கு எந்த மந்திரியிடமும் நேரடிப் பதில் இல்லை.

கோர்ட்டு சொன்னது என்ன?

2006-ல் சுப்ரீம் கோர்ட்டு, அங்கன்வாடி ஊழியர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்ல என்று சொல்லி விட்டது. சங்கங்களுக்கு அது பலத்த அடி. 2013-ல் கூடிய இந்தியத் தொழிலாளர் மாநாடு, இவர்களைத் தொழிலாளர்களாக ஏற்று குறைந்தபட்சக் கூலி தர வேண்டும் என்று சிபாரிசு செய்தது. மத்திய அரசு, தொழிற்சங்கங்கள், முதலாளிகள் மூவரும் உட்கார்ந்து எழுதிய சிபாரிசு. எழுதிய காகிதம் பைலுக்குள் போனது.

கதவு திறந்தது குஜராத்தில். தாகோத் மாவட்டத்தில் ஓய்வு பெற்ற பெண்கள் பணிக்கொடை கேட்டு வழக்குப் போட்டார்கள். கீழே ஜெயித்தார்கள். ஐகோர்ட்டு பெஞ்சில் தோற்றார்கள். சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2022 ஏப்ரல் 25-ந்தேதி நீதிபதிகள் அஜய் ரஸ்தோகி, அபய் ஓகா ஆகியோர் தீர்ப்பு அளித்தனர். மதிப்பூதியம் என்று எப்படிப் பெயர் வைத்தாலும் பணிக்கொடை சட்டப்படி அது சம்பளம்தான். இதைப் பகுதி நேர வேலை என்று ஏற்க முடியாது. பாக்கியை 10 சதவீத வட்டியோடு கொடு!

தொகை எவ்வளவு தேறும் என்று குமாஸ்தாக்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வருட சர்வீசுக்கு 15 நாள் சம்பளம். மாதம் ரூ.4,500 வாங்கியவர் 30 வருடம் உழைத்திருந்தால் ஏறக்குறைய ரூ.78 ஆயிரம். ஆயுள் முழுக்க ஊர்ப் பிள்ளைகளை வளர்த்ததற்கு இவ்வளவுதான். அதையும் சுப்ரீம் கோர்ட்டு வரை போய்த்தான் வாங்க வேண்டி இருந்தது.

2025 ஆகஸ்டில் குஜராத் ஐகோர்ட்டு இன்னும் ஒரு படி மேலே போனது. அந்த மாநிலத்தில் டீச்சருக்கு குறைந்தது ரூ.24,800, ஆயாவுக்கு ரூ.20,300 மாதச் சம்பளம் தர உத்தரவிட்டது. அப்போது அவர்கள் வாங்கிக் கொண்டிருந்தது ரூ.10 ஆயிரமும், ரூ.5,500-ம்.

நம்ம ஊரில்...

தமிழ்நாட்டில் நிலைமை கொஞ்சம் தேவலை. இங்கே "சிறப்பு காலமுறை ஊதியம்" என்று ஒரு ஏற்பாடு உண்டு. 2017-ல் மாற்றி அமைத்தபோது டீச்சருக்கு ரூ.7,700-ல் தொடங்கும் விகிதமும், உதவியாளருக்கு ரூ.4,100-ல் தொடங்கும் விகிதமும் வந்தன. அகவிலைப்படி தனி. ஆனால் "சிறப்பு" என்ற அந்த அடைமொழியில்தான் சூட்சுமம். அது இருக்கும் வரை மற்ற அரசு ஊழியரின் காலமுறை ஊதியம் இவர்களுக்குக் கிடையாது. அதை எடுத்துவிட்டு முறையான ஊதியமும், ஓய்வூதியமும் கொடு என்பதுதான் சங்கங்களின் கோரிக்கை. காஸ் சிலிண்டருக்கு முழுப் பணமும் கொடுங்கள், கைக்காசைப் போட முடியவில்லை என்பது இன்னொன்று.

இதற்காகத்தான் அவ்வப்போது மாவட்டங்களில் இருந்து பஸ் ஏறி சென்னைக்கு வருகிறார்கள். கோஷம் போடுகிறார்கள். மறியல் என்றால் போலீசார் வேனில் ஏற்றி ஏதாவது கல்யாண மண்டபத்தில் வைத்து சாயந்திரம் விட்டு விடுகிறார்கள். டிராபிக்கில் மாட்டிக்கொண்ட பஸ்சுக்குள் "இவங்களுக்கு என்னய்யா குறை?" என்று ஒரு குரல் கேட்கும். குறை என்னவென்று அந்த பஸ்சிலேயே பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் தாயைக் கேட்டால் சொல்வார்.